நான்கு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள்

வணக்கம் நேயர்களே.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பழைய அமெரிக்க நாவலை எப்படி வாசிக்கிறார்கள் என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். ஹார்ப்பர் லீ எழுதிய ‘டு கில் எ மொக்கிங்பேர்ட்’. 1960இல் வெளிவந்து, அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு வாங்கிய நாவல். ரொறன்ரோப் பக்கத்தில் பிள்ளை வளர்த்தவர்கள் பலருடைய வீட்டில் இதன் பிரதி ஒன்று எப்போதாவது சாப்பாட்டு மேசையில் கிடந்திருக்கும். “சோதனைக்கு இது வருமோ?” என்று கேட்டிருப்பீர்கள். வேலை முடித்துக் களைத்து வந்த நேரத்தில் அதற்கு மேல் யாரால் கேட்க முடியும்?

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930களின் நடுப்பகுதி, அலபாமா மாநிலம், மேகொம்ப் என்ற கற்பனை ஊர். கதை சொல்பவள் ஸ்கவுட் என்ற சிறுமி. தாயில்லாப் பிள்ளை. அண்ணன் ஜெம். கோடை விடுமுறைக்கு மட்டும் வரும் டில் என்ற சிநேகிதன். அப்பா அட்டிகஸ் பின்ச் ஒரு சட்டத்தரணி. மேயெல்லா என்ற வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாக டொம் ரொபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி மேல் பழி விழுகிறது. அவனுக்காக வாதாட அட்டிகஸ் நியமிக்கப்படுகிறார். மேயெல்லாவின் முகத்தில் வலது பக்கம் காயம், அடித்தவன் இடக்கைக்காரனாக இருக்க வேண்டும். டொமின் இடக்கையோ சிறுவயதில் பருத்தி இயந்திரத்தில் சிக்கிச் செயலிழந்தது. இடக்கையால் எழுதுகிறவர் மேயெல்லாவின் தகப்பன். எல்லாம் வெளிச்சமாகத் தெரிந்தும் வெள்ளைக்கார ஜூரிகள் டொமைக் குற்றவாளி என்கிறார்கள். பிறகு சிறையிலிருந்து தப்ப முயன்றான் என்று அவனைச் சுட்டுக் கொல்கிறார்கள். பதினேழு குண்டுகள்.

இதை வகுப்பில் கொடுத்தால் முதல் வாரம் வருகிற கட்டுரைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அட்டிகஸ் ஒரு வீரன். இனவெறி தீயது. குழந்தையின் களங்கமற்ற கண்ணால் உலகத்தைப் பார்க்கிறோம். தப்பில்லை, புள்ளியும் கிடைக்கும். ஆனால் அது வாசித்த பிள்ளையின் குரல் இல்லை. ஆசிரியர் எதைக் கேட்க விரும்புவார் என்று கணக்குப் போட்டு எழுதியது. பதினைந்து வயதுப் பிள்ளைகள் அந்தக் கணக்கில் வெகு கெட்டிக்காரர்கள்.

அந்தக் கணக்கு எங்கே உடைகிறது என்று சொல்கிறேன். பத்தொன்பதாம் அத்தியாயம். அரச தரப்புச் சட்டத்தரணி டொமைக் குறுக்கு விசாரணை செய்கிறார். மரியாதையே இல்லாத தொனி, ஏளனம். அதைக் கேட்கப் பொறுக்காமல் சிறுவன் டில் அழத் தொடங்குகிறான். ஸ்கவுட் அவனை வெளியே கூட்டிக்கொண்டு போய் ஆறுதல் சொல்கிறாள். எப்படி? “என்ன இருந்தாலும் அவன் ஒரு நீக்ரோதானே.”

வகுப்பில் இந்த இடம் வரும்போது நான் ஒன்றும் சொல்வதில்லை. சில பிள்ளைகள் கவனிக்காமலே தாண்டிப் போவார்கள். யாராவது ஒருவர் கையைத் தூக்கி, “மிஸ், இதைச் சொன்னது ஸ்கவுட்டா?” என்று கேட்பார்கள். எல்லோரும் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். சிலருக்குக் கோபமே வரும். இருநூறு பக்கமாகத் தங்களோடு கூட வந்த பிள்ளை, குறும்புக்காரி, அப்பாவின் செல்லம், அவளா இப்படி? அந்த வயதிலேயே ஊர் அவளுக்குப் பாடம் நடத்தி முடித்துவிட்டது. அட்டிகஸ் வீட்டில் வளர்ந்தும் அந்தப் பாடம் ஏறியிருக்கிறது. களங்கமற்ற கண் என்று எழுதிய கட்டுரையை அதற்குப் பிறகு யாரும் பெருமையாக எடுத்து வாசிப்பதில்லை. லீ கெட்டிக்காரி, அந்த வரிக்கு எந்த விளக்கமும் சேர்க்கவில்லை, வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

இன்னொரு இடம் இதைவிடச் சின்னது. விசாரணை பார்க்க வந்த பிள்ளைகளுக்குக் கீழே இடம் கிடைக்கவில்லை. கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய மேல்மாடத்துக்குச் சைக்ஸ் என்ற போதகர் அவர்களைக் கூட்டிப் போகிறார். அங்கே முன்வரிசையில் இருந்த நான்கு கறுப்பினத்தவர்கள் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். ஒரே ஒரு வாக்கியம்தான். நீங்கள் வாசித்திருந்தாலும் நினைவிருக்காது.

என் மாணவி ஒருத்தி அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள். “அந்த நாலு பேரும் பிறகு எங்கே போனார்கள்?” என்று கேட்டாள். நாவல் அதைச் சொல்லவில்லை. விசாரணை காலையில் தொடங்கி இரவு வரை இழுபடுகிறது. வழக்கு அவர்களுடைய ஆளின் உயிரைப் பற்றியது. நன்றாகப் பார்க்கக் கூடிய இடத்தைப் பொழுதுபோக்குப் பார்க்க வந்த சின்னப் பிள்ளைகளுக்கு விட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் உலகம் முழுக்கப் பள்ளிக்கூடங்களில் படிக்கிற அந்த நீதிமன்றக் காட்சி இருக்கிறதே, அத்தனையும் அந்த நாற்காலிகளிலிருந்து பார்த்துச் சொன்னது! இதை எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

சரி, அதையே ஒப்படையாகக் கொடுத்தேன். அந்த நால்வரில் ஒருவராக நின்று விசாரணையை எழுதுங்கள் என்றேன். பலர் வழக்கம்போல் அட்டிகஸின் பேச்சை மெச்சித்தான் எழுதினார்கள். ஒரு பையன் மட்டும் கால் வலியைப் பற்றியே எழுதியிருந்தான். பின்சுவரில் சாய்ந்துகொண்டு நிற்கிற ஒரு கிழவர். அவருக்குச் சாட்சியின் முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். முன்னால் நிற்பவர்கள் சொல்லித்தான் என்ன நடக்கிறது என்று தெரியவரும். கடைசியில் தீர்ப்பு வந்து, அட்டிகஸ் தனியாக வெளியேறும்போது மேல்மாடமே அவருக்காக எழுந்து நிற்கும் அல்லவா, படத்திலும் எல்லோரையும் அழவைத்த காட்சி, அங்கே இவன் எழுதியது: “எல்லோரும் எழுந்தார்கள். நான் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன்.” அதற்கு என்ன எழுதித் திருப்பிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கறுப்பினப் பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் இந்த நாவலைப் படிப்பிப்பது வேறு விஷயம். இழிசொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அதை உரக்க வாசித்தால் வகுப்பு முழுதும் ஒரு பிள்ளையைத் திரும்பிப் பார்க்கும். நான் அந்தச் சொல்லை வாயால் சொல்வதில்லை, மாணவர்களையும் சொல்ல விடுவதில்லை. மிசிசிப்பியில் பிலொக்சி என்ற ஊரில் 2017இல் எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து இதை எடுத்தார்கள். மினசோட்டாவில் டுலூத் நகரில் அடுத்த ஆண்டு கட்டாய வாசிப்பிலிருந்து நீக்கினார்கள். நமக்குப் பக்கத்தில், மிசிசாகா, பிரம்டன் பள்ளிகளை நடத்தும் பீல் கல்விச் சபை 2018இல் இதைத் தடை செய்யவில்லை, ஆனால் இனவொடுக்குமுறையைக் கேள்வி கேட்கும் விதத்தில் படிப்பிப்பதானால் மட்டும் படிப்பியுங்கள் என்று ஆசிரியர்களுக்கு எழுதியது. அப்போது கொஞ்சப் பேர் கொதித்தார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வேறு எப்படித்தான் இதைப் படிப்பிக்கப் போகிறோம்?

இதற்கு நேர் எதிரான எதிர்ப்பும் ஒரு காலத்தில் இருந்தது. 1966இல் வேர்ஜீனியாவின் ஹனோவர் மாவட்டக் கல்விச் சபை, இது ஒழுக்கக்கேடான புத்தகம் என்று தள்ளியது. லீ உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, கூடவே பத்து டொலரும் அனுப்பினார். அந்தக் காசில் கல்விச் சபைக்காரர்களை ஏதாவது ஒரு முதலாம் வகுப்பில் சேர்த்துவிடுங்கள் என்றார். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள்.

ஏன் ஒரு கறுப்பின ஜூரியும் இல்லை என்று எந்த ஆண்டு வகுப்பிலும் கேள்வி வரும். அப்போது ஸ்கொட்ஸ்பரோ வழக்கைச் சொல்வேன். 1931இல் அதே அலபாமாவில் சரக்கு ரயிலில் வந்த ஒன்பது கறுப்பின இளைஞர்களைப் பிடித்து, இரண்டு வெள்ளைக்காரப் பெண்களைப் பலாத்காரம் செய்ததாகக் குற்றம் சாட்டி, சில வாரங்களுக்குள் எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். ஜூரியில் ஒரு கறுப்பினத்தவரும் இல்லை. அப்படி ஒதுக்கியது அரசியலமைப்புக்கு விரோதம் என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1935இல் சொன்னது. தீர்ப்பு வந்தவுடன் ஊர் மாறிவிடுமா?

நம் பிள்ளைகள் சிலரிடம் வேறொரு கேள்வியும் இருக்கும். வழக்கு முடிந்த மறுநாள் காலை, கறுப்பின மக்கள் அட்டிகஸ் வீட்டுக்குக் கோழி, தக்காளி, பீன்ஸ் என்று கொண்டுவந்து வைத்திருப்பார்கள். வைத்தது பின்பக்கப் படியில். “ஏன் முன்பக்கம் வரவில்லை?” என்று ஒரு தமிழ்ப் பையன் கேட்டான். வீட்டில் அம்மம்மா இருந்தால் அவரிடம் கேள் என்றேன். அடுத்த நாள் அவன் வந்து சொன்னான்: யாழ்ப்பாணத்தில் எந்தச் சாதிக்காரர் எந்த வாசல் வரை வரலாம் என்றிருந்ததையும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினரை உள்ளே விடாமல் தடுத்ததையும் அம்மம்மா ஒரு மணித்தியாலம் சொன்னாராம். தாய் நடுவில் வந்து, “இதெல்லாம் பிள்ளைக்கு எதற்கு” என்று நிறுத்தப் பார்த்தாராம். அம்மம்மா நிறுத்தவில்லை.

கடைசியாக ஒன்று. 2015இல் லீயின் இன்னொரு நாவல் வந்தது. ‘கோ செற் எ வாட்ச்மன்’. அதில் வயதான அட்டிகஸ், கறுப்பினத்தவருக்குச் சம உரிமை கொடுக்கக் கூடாது என்கிற வெள்ளையர் கூட்டத்தில் போய் இருக்கிறார். பெரியவர்கள் பலர் நெஞ்சு உடைந்து போனார்கள், பிள்ளைக்கு அட்டிகஸ் என்று பெயர் வைத்தவர்கள்கூட இருந்தார்கள் பாருங்கள். என் வகுப்பில் யாரும் பெரிதாக அதிரவில்லை. ஒரு மாணவி முதல் நாவலின் பதினைந்தாம் அத்தியாயத்தைத் திறந்து காட்டினாள். அங்கே கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலைப் பற்றி அட்டிகஸ் பிள்ளைகளிடம், முன்பு இங்கே இருந்தது, அது பெரும்பாலும் ஒரு அரசியல் அமைப்புத்தான் என்று இலேசாகச் சொல்லிவிட்டுப் போகிறார். “இந்த ஆள் அப்போதே இப்படித்தான் மிஸ், நாங்கள்தான் கவனிக்கவில்லை” என்றாள். பிறகு இதற்கு மேலதிகப் புள்ளி உண்டா என்றும் கேட்டாள். பக்க எண்ணோடு சான்று காட்டுகிற பிள்ளைக்கு எப்படி இல்லையென்பது, கொடுத்தேன்.

எனக்குத் தந்த நேரம் முடிந்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நன்றி, வணக்கம்.