எடுத்து வைப்பது அப்புறம், முதலில் எழுதிப் பாருங்கள்

நடுவர் ஐயா அவர்களே, இரு அணி நண்பர்களே, பெரியோர்களே, வணக்கம்.

'வீட்டுப் பணத்தைக் காப்பாற்றுவது அன்றாடம் கணக்கு எழுதும் பழக்கமா, சம்பளம் வந்ததும் ஒரு பங்கை எடுத்து வைக்கும் பழக்கமா?' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். கணக்குதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா, கணக்கு எழுதுகிறவர்களை எல்லாம் கஞ்சர் பட்டியலில் சேர்த்துவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். 'மாதம் பிறந்ததும் 100-க்கு 20-ஐ எடுத்து வைத்துவிடு. மீதி 80-ஐ எப்படிச் செலவழித்தால் என்ன? நோட்டும் வேண்டாம், பேனாவும் வேண்டாம்' என்றார். கைதட்டலும் வாங்கினார். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்த 80 மாதக் கடைசி வரை வந்ததா?

வராது அக்கா. இருபதாம் தேதியே தீர்ந்துவிடும். எடுத்து வைத்ததில் கை வைக்கக் கூடாது என்ற வைராக்கியம் வேறு இருக்கிறதே, அதனால் கிரெடிட் கார்டை எடுப்போம். பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று போட்டிருப்பார்கள். அதை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவோம். கட்டாத மீதிக்கு மாதம் 3 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 36 என்று நினைக்கிறோம். வட்டிக்கு வட்டி சேர்ந்து அது 42-ஐத் தாண்டிவிடும்.

72-ஐ வட்டி விகிதத்தால் வகுக்கும் கணக்கைச் சொல்லி எதிரணியினர் பெருமைப்பட்டார்கள். 6 சதவீதத்தில் போட்டால் 12 ஆண்டில் பணம் இரட்டிப்பாகுமாம். சரி, அதே கணக்கைக் கடனுக்கும் போடுங்கள். மாதம் 3 சதவீதம். 72-ஐ 3-ஆல் வகுத்தால் 24. கட்டாமல் விட்ட கடன் சுமார் 24 மாதத்தில் இரட்டிப்பு. ஒரே வீட்டில், ஒரே ஆளின் பெயரில், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்துகொண்டிருக்கும். சேமிப்புப் பாஸ்புக்கை மட்டும் பார்த்தால் குடும்பம் முன்னேறுவது போலத்தான் தெரியும். இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கழித்துப் பார்த்தால்தான் வண்டவாளம் வெளியே வரும். அந்தத் தாளைத்தான் ஐயா நாங்கள் கணக்கு என்கிறோம்.

இரண்டாவதாகப் பேசிய தம்பி ஒரு சேமிப்புத் திட்டத்தைச் சொல்லி நோபல் பரிசு வரை போய்விட்டார். 2017-இல் பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலரும், ஷ்லோமோ பெனார்ட்சியும் ஒரு நிறுவனத்தின் ஊழியர்களிடம் செய்து பார்த்த திட்டம் அது. இனி வரப்போகும் ஒவ்வொரு சம்பள உயர்விலும் ஒரு பகுதி தானாகச் சேமிப்புக்குப் போய்விடும் என்று முன்கூட்டியே சம்மதம் வாங்கினார்கள். 40 மாதத்தில் அவர்களுடைய சேமிப்பு, சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது. உண்மை, மறுக்கவில்லை. ஆனால் தம்பி கதையை நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டார். அதற்கு முன்னால் ஒரு நிதி ஆலோசகர் அந்த ஊழியர்களோடு உட்கார்ந்து, 'உங்கள் நிலைமைக்கு நீங்கள் இவ்வளவு சேமிக்க வேண்டும்' என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 'இப்போதைக்கு அவ்வளவு முடியாதே' என்று கையை விரித்தவர்களுக்குத்தான் இந்தத் திட்டமே தரப்பட்டது. கணக்குப் போட்டது முதலில், எடுத்து வைத்தது அப்புறம். தம்பி, எங்கள் அணிக்குச் சாட்சியைக் கூட்டி வந்து கொடுத்ததற்கு நன்றி.

இன்னொன்று. அவர்களுக்கு சம்பள உயர்வு வந்தது. வருமானம் ஒரு மாதம் ஏறி, மறுமாதம் இறங்குகிற வீட்டில் எதில் 20 சதவீதம் எடுப்பது? கமிஷன் வேலைக்காரரும் தினக்கூலிக்காரரும் கடந்த ஓராண்டில் எந்த மாதம் மிகக் குறைவாக வந்தது என்று பார்த்து, அதற்குள் அத்தியாவசியச் செலவு அடங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். எழுதி வைக்காதவருக்கு அந்தக் குறைந்த மாதம் எது என்றே தெரியாது.

அவசரகால நிதி பற்றியும் அழகாகப் பேசினார்கள். 3 முதல் 6 மாதச் செலவுக்கான பணம் தனியாக இருக்க வேண்டுமாம். நல்ல யோசனை. செலவு எவ்வளவு என்றே தெரியாமல் அதன் மூன்று மடங்கை எப்படி ஐயா சேர்ப்பது? சம்பளத்தை மூன்றால் பெருக்குவார்கள் போலிருக்கிறது!

இப்போது அந்தக் கணக்கு நோட்டையே கொஞ்சம் திறந்து பார்ப்போம். எழுத ஆரம்பித்த முதல் மாதம் எல்லா வீட்டிலும் ஒரே கூத்துதான். வாடகை, மின்கட்டணம், பள்ளிக் கட்டணம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். கடைசியில் 'இதர' என்று ஒரு வரி இருக்கும். பார்த்தால் அதுதான் மற்ற வரிகளைவிடப் பருத்திருக்கும். வீட்டின் உண்மையான நிதியமைச்சர் அந்த 'இதர'தான்! இரண்டாம் மாதம் அதைப் பிரித்து எழுதுகிறோம். யாரும் பார்க்காத ஒரு சந்தா மாதாமாதம் தானாகவே போய்க்கொண்டிருக்கும். இலவச சோதனைக் காலம் முடிந்ததும் நிறுத்தலாம் என்று சேர்ந்து, மறந்துபோன செயலி ஒன்று இருக்கும். கைபேசியில் தட்டித் தட்டிக் கொடுத்த சின்னச் சின்னத் தொகைகள் வரிசையாக நிற்கும். ரூபாய் நோட்டை எண்ணிக் கொடுத்தால் கைக்காவது ஒரு தயக்கம் வரும். விரலால் தட்டும்போது அதுவும் இல்லை. அதனால்தான் அன்றன்றைக்கு எழுதச் சொல்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் மறுபடியும் 'இதர'தான்.

அதே நோட்டில் ஆண்டுக்கு ஒரு முறை வரும் செலவுகளும் தெரியும். காப்பீட்டுத் தவணை, வாகனப் பராமரிப்பு, பள்ளி திறக்கும் மாதம். இவற்றுக்கு 'எதிர்பாராத செலவு' என்று பெயர் வேறு வைத்திருக்கிறோம். வருஷா வருஷம் அதே மாதத்தில் வருவதில் எதிர்பாராதது என்ன இருக்கிறது? மொத்தத்தை 12-ஆல் வகுத்து மாதாமாதம் ஒதுக்கினால் அன்றைக்குக் கடன் வாங்க ஓட வேண்டியதில்லை. எடுத்து வைப்பதற்கு நாங்களும் எதிரி இல்லை, நடுவர் ஐயா. எதற்கு, எவ்வளவு, எப்போது என்று தெரிந்து எடுத்து வைக்கச் சொல்கிறோம்.

கணக்கு எழுதுவது அற்ப வேலை என்றும் ஒரு தொனி வந்தது. 1857-இல் எர்ன்ஸ்ட் ஏங்கல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் (மார்க்சின் தோழர் ஏங்கல்ஸ் அல்ல, இவர் வேறு) பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளை வைத்து ஒரு விதி கண்டார். வருமானம் குறையக் குறைய, அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும் என்பது அந்த விதி. பொருளியல் பாடத்தில் இன்றைக்கும் நிற்கிறது. 1904-இல் ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் குடும்பங்களுக்கென்றே ஒரு கணக்கேட்டை வெளியிட்டார். 'ககெய்போ' என்ற அந்தப் பழக்கம் நூறாண்டு தாண்டியும் ஓடுகிறது.

கடைசியாக, நோட்டு வந்தால் சண்டை வரும் என்றார் அக்கா. நோட்டு இல்லாத வீட்டில் சண்டை இல்லையா? அங்கே 'நீதான் ஊதாரி', 'நீங்கள்தான் ஊதாரி' என்று ஆளைப் பார்த்துச் சண்டை நடக்கிறது. நோட்டு இருந்தால் ஏழாவது வரியைப் பார்த்துச் சண்டை நடக்கும். அதைத் திருத்திவிடலாம். ஆளைத் திருத்துவது அவ்வளவு சுலபமா? அதோடு, கணவனுக்கும் மனைவிக்கும் ஆளுக்கொரு சிறு தொகையைக் கணக்குக் கேட்காத பணமாக விட்டுவிடுங்கள். அதில் என்ன வாங்கினாலும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அந்தச் சுதந்திரத்துக்கும் பட்ஜெட்டில் ஒரு வரி உண்டு.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, இறங்கிவிடுகிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணி அண்ணனுக்கு ஒரே ஒரு கேள்வி. போன மாதம் உங்கள் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொண்ட சந்தாக்கள் மொத்தம் எத்தனை? கைபேசியைப் பார்க்காமல் பதில் சொல்லிவிட்டு உங்கள் உரையைத் தொடங்குங்கள். வணக்கம்.