மாரிடேனியாவின் அடித்தளத்தில்

நேயர்களுக்கு வணக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்லாண்டிக்கைக் கடந்த பயணிகள் கப்பல்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மேல்தளத்து விருந்துக்கூடங்களை வருணிப்பார்கள். நான் இன்று உங்களை நீர்மட்டத்துக்குக் கீழே, உலைக்கூடத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். குனார்ட் என்ற பிரிட்டிஷ் கப்பல் நிறுவனத்தின் மாரிடேனியா, இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் கட்டப்பட்டு 1907 நவம்பரில் லிவர்பூலிலிருந்து நியூயார்க்குக்கு முதற்பயணம் புறப்பட்ட கப்பல்.

1897 முதல் ஜெர்மானியக் கப்பல்கள் வேகத்தில் முந்திக்கொண்டிருந்தன. அமெரிக்கப் பெருமுதலாளி ஜே. பி. மார்கன் பிரிட்டனின் கப்பல் நிறுவனங்களை விலைக்கு வாங்கத் தொடங்கியிருந்தார். இதனால் கவலையுற்ற பிரிட்டிஷ் அரசு 26 லட்சம் பவுன் கடன் கொடுத்ததால்தான் மாரிடேனியாவும் அதன் இணையான லூசிடேனியாவும் உருவாயின. சார்லஸ் பார்சன்ஸ் உருவாக்கிய, நீராவியின் விசையால் சுழலும் டர்பைன்கள் அவற்றை இயக்கின.

அந்த டர்பைன்களுக்கு நீராவி தர 25 கொதிகலன்களும் அவற்றுக்குள் 192 உலைகளும் எரிந்தன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 டன் நிலக்கரி தேவைப்பட்டது. அவ்வளவையும் மனிதக் கைகளே வாரிப் போட்டன என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது. உலை எரிப்போரும் கரி சுமப்போருமாக முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் முறை மாற்றி உழைத்தார்கள். உலை எரிப்பவர் வெறுமனே கரியை வீசிவிட முடியாது. அனல் முகத்தில் அறைய, கதவைத் திறந்து, கரியைத் தட்டில் சீராகப் பரப்பி, இறுகிய சாம்பல் கட்டிகளை நீண்ட இரும்புக் கம்பியால் உடைத்து, வெப்பம் வீணாகுமுன் கதவை மூட வேண்டும். கரி சுமப்பவரின் பாடு அதைவிடக் கொடியது என்பேன். கப்பலின் இரு பக்கவாட்டுக் கிடங்குகளிலிருந்தும் சமமாகக் கரியெடுக்காவிட்டால் கப்பல் ஒருபுறம் சாய்ந்துவிடும். பயணம் நீள நீள உலைக்கு அருகிலிருந்த கரி தீர்ந்து, புழுதி மண்டிய இருட்டில் தள்ளுவண்டியை மேலும் மேலும் தொலைவிலிருந்து தள்ளிவர வேண்டியிருந்தது, அதுவும் தரை ஆடிக்கொண்டிருக்கையில்.

1909 செப்டம்பரில் மாரிடேனியா 4 நாள் 10 மணி 51 நிமிடத்தில், சராசரியாக 26.06 நாட் (மணிக்கு 26.06 கடல்மைல்) வேகத்தில், அட்லாண்டிக்கை மேற்காகக் கடந்தது. மேற்குத் திசைப் பயணத்தில் அந்தச் சாதனையை இருபது ஆண்டுகள் எந்தக் கப்பலாலும் முறியடிக்க முடியவில்லை. அந்த வேகத்தில் பாதி டர்பைனுடையது என்றால், மறுபாதி அந்தக் கரிபடிந்த தோள்களுடையது என்பேன்.

1921இல் துறைமுகத்தில் நேர்ந்த தீ விபத்துக்குப் பின் செப்பனிட்டபோது, கப்பல் எண்ணெய் எரிபொருளுக்கு மாற்றப்பட்டது. உலைக்கூடத்தில் வால்வைத் திருப்ப ஒரு சிலர் போதுமென்றானது. தள்ளுவண்டிகளோடு நூற்றுக்கணக்கானவர்களின் வேலையும் அக்கப்பலிலிருந்து இறங்கிப்போனது.