வலிக்காத புண்தான் ஆபத்து

[திரையில்: கல்மண்டபம் பக்கம் ஒரு மெடிக்கல் கடை, கவுன்டர்]

வணக்கம் மக்களே. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, எங்கே போனாலும் மெடிக்கல் கடையில் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, அந்த இடத்துல புண்ணு, ஏதாச்சும் ஆயின்மென்ட் குடுங்க" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரரும் ஒன்றைக் கொடுப்பார், கொஞ்ச நாளில் புண் ஆறிவிடும், ஆயின்மென்டுக்கு நல்ல பேர். ஆனால் அது சிபிலிஸ் என்கிற பால்வினை நோயின், அதாவது உடலுறவால் பரவும் நோயின், புண் என்றால் எதுவும் தடவாமலே 3 முதல் 6 வாரத்தில் ஆறியிருக்கும். கிருமி மட்டும் உடம்புக்குள்ளேயே இருக்கும்.

[திரையில்: வரைபடம், இரண்டு வகைப் புண்]

சிபிலிஸ் புண் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான், அடி கெட்டியாக இருக்கும், வலிக்காது. உறவுக்குப் பிறகு சுமார் 3 வாரத்தில் வரும், சிலருக்கு 90 நாள்கூட ஆகும், அதனால் "போன வாரம் நான் எங்கேயும் போகலையே" என்ற கணக்கு உதவாது. பெண்களுக்கு உள்ளே வந்தால் தெரியவே தெரியாது. ஹெர்பீஸ் என்கிற வைரஸ் நோய் என்றால் கொத்தாகக் கொப்புளம், எரிச்சல், ஆறி மறுபடி வரும். வலியோடு சீழ் பிடித்து, இடுப்பு மடிப்பில் நெறி கட்டினால் சான்க்ராய்டு என்கிற இன்னொரு பால்வினை நோயாக இருக்கலாம், இப்போது அரிது.

சரி, பார்த்தே சொல்லிவிடலாமா? முடியாது, இரண்டு சேர்ந்தும் வரும். ரத்தத்தில் சிபிலிஸைக் கண்டுபிடிக்கும் விடிஆர்எல் அல்லது ஆர்பிஆர் டெஸ்ட், கூடவே எச்ஐவி டெஸ்ட் எடுப்பார்கள். புண் வந்த புதிதில் ஆர்பிஆர் நெகட்டிவ் காட்டலாம், அதை நம்பி வீட்டுக்குப் போய்விடாதீர்கள். இதனால்தான் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் டாக்டர் அன்றைக்கே மருந்து தொடங்குவது.

ஆரம்ப சிபிலிஸுக்கு பென்சத்தைன் பென்சிலின் ஊசி, 24 லட்சம் யூனிட், இடுப்பில், ஒரே தடவை. நன்றாகவே வலிக்கும். அன்று ராத்திரி காய்ச்சல் வந்தால் பெரும்பாலும் கிருமி சாவதால் வருவது, ஆனால் தடிப்போ மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஹெர்பீஸுக்கு அசைக்ளோவிர் 400 மில்லிகிராம், தினமும் மூன்று வேளை, 7 முதல் 10 நாள். அது அடக்கும், அடியோடு ஒழிக்காது.

[திரையில்: ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசல்]

ஸ்டான்லி மாதிரி அரசு ஆஸ்பத்திரிகளில் பால்வினை நோய்க்கு இலவசமாகவே பார்க்கிறார்கள். யாரிடமாவது முதலில் பேச வேண்டுமென்றால் 1097, காசில்லாத நம்பர். அப்புறம், துணையையும் கூட்டிப் போங்கள், அவருக்குப் புண்ணே இல்லாவிட்டாலும். கர்ப்பமாக இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள், குழந்தை வயிற்றிலேயே இறந்துவிடக்கூடும். ஊசி போட்டு 6 மாதம், 12 மாதம் கழித்து ஆர்பிஆர் திரும்ப எடுத்து டைட்டர், அதாவது ரிப்போர்ட்டில் வரும் அளவு, இறங்குகிறதா பார்ப்பார்கள், பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.