நடுவில் எழுந்த சுவர்

நண்பர்களே, ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் நகரத்தில், பாறை உச்சியில் ஒரு கோட்டை இருக்கிறது. அதிலிருந்து கொஞ்சம் இறங்கி வந்தால் ‘ஹோலி ரூட்’ தேவாலயம். ரூட் என்றால் அங்குள்ள பழைய வழக்கில் சிலுவை. திருச்சிலுவைக் கோயில் என்று நாம் சொல்லலாம்.

அரசர் முதலாம் டேவிட் காலத்தில், 1129-இல் தொடங்கிய பங்குக் கோயில் இது. 1405-இல் தீக்கு இரையானது. மறுபடி கட்டினார்கள். மேற்குப் பகுதி 15-ஆம் நூற்றாண்டு, கிழக்குப் பகுதி 16-ஆம் நூற்றாண்டு. மேற்குப் பகுதியில் அண்ணாந்து பார்த்தால் அந்தக் காலத்து ஓக் மரக் கூரை இன்னும் நிற்கிறது. அதைப் பற்றி நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும்.

1567 ஜூலை 29 அன்று இங்கே ஒரு முடிசூட்டு விழா. அரசருக்கு வயது பதின்மூன்று மாதம்! அவருடைய தாய், ஸ்காட்லாந்து அரசி மேரி, லாக்லெவன் தீவுக் கோட்டையில் சிறைப்பட்டிருந்தார். சில நாள்களுக்கு முன்புதான் அவரை வற்புறுத்தி முடிதுறக்க வைத்திருந்தார்கள். பிரசங்கம் செய்தவர் ஸ்காட்லாந்தின் சமயச் சீர்திருத்தத் தலைவர் ஜான் நாக்ஸ். குழந்தைக்குப் பதிலாக மார்ட்டன் பிரபு உறுதிமொழி எடுத்தார். அந்தக் குழந்தைதான் ஆறாம் ஜேம்ஸ். பிற்பாடு இங்கிலாந்துக்கும் அரசராகி, 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளுக்குத் தன் பெயரைத் தந்தவர்.

சரி, நான் உங்களிடம் சொல்ல வந்தது முடிசூட்டைப் பற்றி அல்ல, ஒரு சுவரைப் பற்றி. 1650-களில் ஸ்காட்லாந்து சபை இரண்டாகப் பிளந்தது. முன்பு சபையின் நிலைப்பாட்டை எதிர்த்து நின்றவர்களைப் படையிலும் பதவியிலும் மறுபடி சேர்க்கலாமா என்பது வழக்கு. கூடாது என்று உறுதியாக நின்றவர் இந்தக் கோயிலின் போதகர் ஜேம்ஸ் கத்ரி. உடன் இருந்த போதகர் மறுபக்கம். சண்டை முற்றி, 1656-இல் கோயிலுக்கு நடுவே சுவர் எழுப்பிவிட்டார்கள். கிழக்கே ஒரு சபை, மேற்கே ஒரு சபை.

1661-இல் கத்ரியைத் தூக்கிலிட்டார்கள். சண்டை போட்டவர்கள் போனார்கள், சுவர் போகவில்லை. கோயில் கோபுரத்தில் குண்டு பட்ட தழும்புகளை இன்றும் பார்க்கலாம்; அவை வெளியார் போட்ட சண்டையின் அடையாளம். இந்தச் சுவரோ வீட்டுக்காரர்களே கட்டியது. அதனால்தான் எனக்கு அது கூடுதலாக வலிக்கிறது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் முற்றத்தில் சுவர் வைப்பதைப் போல.

1930-களில்தான் அந்தச் சுவரை இடித்தார்கள், ஏறக்குறைய 280 ஆண்டுகள் கழித்து. சபைகள் ஒன்றாயின. அப்புறம், பழைய கொத்தர்கள் கட்டாமல் விட்ட, கோயிலுக்குச் சிலுவை வடிவம் தரும் இருபுறக் குறுக்குக் கைகளையும் கட்டி முடித்தார்கள்.