காலி பாட்டிலுக்கு 25 சென்ட்!

வணக்கம்ங்க! காற்று இரைச்சல் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏற்காடு மலைப்பாதையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நிற்கிறேன். இன்றைக்குக் காபித் தோட்டம் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இதைப் பார்த்த பிறகு என்னால் மேலே போக முடியவில்லை.

கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் சரிவு முழுக்கத் தண்ணீர் பாட்டில். அதோ, ஒரு குரங்குக் குட்டி நீல மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வயிறு எரிகிறது.

ஜெர்மனியில் அக்கா வீட்டில் ஒரு மாதம் இருந்த கதையை மூன்று வீடியோவாகப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடைகளெல்லாம் பூட்டிக் கிடந்து, அரிசி வாங்க ரயில் நிலையம் வரை போனதைக்கூடச் சொன்னேன். பாட்டில் மெஷினைப் பற்றிச் சொல்லவே இல்லை!

அங்கே தண்ணீர் பாட்டில் வாங்கினால், விலையோடு சேர்த்து 25 சென்ட் தனியாகப் பிடித்துக்கொள்வார்கள். நம் பணத்தில் இருபது ரூபாய்க்கு மேல். 'ஃபாண்ட்' என்பார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தக் காசு கைக்கு வந்துவிடும். சூப்பர் மார்க்கெட் வாசலிலேயே மெஷின் இருக்கும், சுவரில் வட்டமாக ஒரு ஓட்டை. பாட்டிலைப் படுக்க வைத்தால் உள்ளே இழுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, பார்கோடைப் படித்துவிட்டு விழுங்கிவிடும். உள்ளே நொறுங்கும் சத்தம் கேட்கும்.

முதல் நாள் ஏழு பாட்டில் கொண்டுபோனேன். ஆறை வாங்கிக்கொண்டது. ஏழாவதைத் துப்பிவிட்டது! மறுபடி வைத்தேன், மறுபடி வெளியே வந்தது. பின்னால் ஒரு பாட்டி வரிசையில் நிற்கிறார். நான் ரயிலில் அந்த பாட்டிலைக் கசக்கிவிட்டிருந்தேன், பார்கோடு மடிந்துபோய்விட்டது. பாட்டி அதை வாங்கி, வாயை வைத்து பலூன் மாதிரி ஊதி, கையால் நீவிக் கொடுத்தார். மெஷின் வாங்கிக்கொண்டது! 1 யூரோ 75 சென்ட்டுக்குச் சீட்டு வந்தது. கல்லாவில் நீட்டியபோது லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது எனக்கு.

ஒன்றை விட்டுவிட்டேன். எல்லா பாட்டிலுக்கும் 25 கிடையாது. பீர் வருகிற கண்ணாடி பாட்டிலுக்குப் பெரும்பாலும் 8 சென்ட்தான், அதைக் கழுவி மறுபடி நிரப்புவார்கள். ஒயின் பாட்டிலுக்குப் பொதுவாக ஒன்றுமே இல்லை. திருப்பிக் கொடுக்க நேரமில்லாதவர்கள் பாட்டிலைக் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் நிறுத்திவைத்துவிட்டுப் போகிறார்கள். பொறுக்கி வாழ்கிறவர்கள் தொட்டிக்குள் கைவிடாமல் எடுத்துக்கொள்ளலாம். அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டலில் தண்ணீருக்குக் காசு! குழாயில் நல்ல குடிதண்ணீர் வருகிற ஊரில், ஒரு சின்ன பாட்டிலுக்கு மூன்றரை யூரோ கொடுத்தேன். சேலத்தில் நாம் உட்காருவதற்கு முன்னால் டம்ளர் வந்துவிடும். இந்த விஷயத்தில் நம் ஊர்தான் ஊர்.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் புத்தி என்று யாரும் எழுதாதீர்கள். பெட்டிக்கடையில் கோலி சோடா குடித்துவிட்டு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தவர்கள் நாம். வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டுமென்றால் கடைக்காரர் பாட்டிலுக்கு முன்பணம் கேட்பார். நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, திரும்பக் கொடுத்தால் கொடுத்துவிடும் முறை 2022-லேயே வந்துவிட்டது. மது பாட்டிலுக்கு முடிவது தண்ணீர் பாட்டிலுக்கு ஏன் முடியாது?

என் எவர்சில்வர் பாட்டில் இதோ, வழக்கம்போலத் தோளில் தொங்குகிறது. அடிவாரத்தில் நிரப்பிக்கொண்டால் ஏற்காடு போய்த் திரும்பும் வரை போதும்.

சரி, வண்டியில் ஒரு கோணிப்பை இருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் கைக்கு எட்டியதை மட்டும் பொறுக்கினேன். எண்ணிப் பார்த்தேன், 31. அங்கே என்றால் 7 யூரோ 75 சென்ட். இங்கே பழைய இரும்புக் கடையில் எடை போட்டு என்ன தருகிறார்கள் என்று அடுத்த வீடியோவில் காட்டுகிறேன். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் உங்கள் ஊரில் ஒரு பாட்டிலுக்கு எவ்வளவு என்று கமெண்டில் போடுங்கள். மேகம் இறங்குகிறது, நான் கிளம்புகிறேன்.