இரவல் சேலை

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாவட்ட ஆட்சியர் அவர்களே, வரவேற்புரை நல்கிய கல்லூரி முதல்வர் அவர்களே, பொன்னாடை போர்த்திய புரவலர் பெருமக்களே, தரையில்கூட இடம்பிடித்து அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

தும்பா, கிரையோஜெனிக், ஆர்ட்டெமிஸ் என மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். மூன்றுக்கும் பழமொழி ஒன்றுதான்: இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே.

1963 நவம்பர் 21-ல் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பா ஏவுதளத்திலிருந்து கிளம்பிய நைக்கி-அப்பாச்சி ராக்கெட் அமெரிக்காவுடையது. உள்ளே இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சுடையது. இரவல்தான், தவறில்லை. 1974-ல் பிரான்சுடன் போட்ட ஒப்பந்தத்தைப் பாருங்கள். நம் பொறியாளர்கள் அங்கேயே போய் அவர்களுடைய வைகிங் ராக்கெட் எஞ்சினில் வேலை பார்த்தார்கள். வரைபடத்தோடு கைப்பழக்கமும் வந்தது. அதுதான் நம் ராக்கெட்டுகளின் விகாஸ் எஞ்சின்.

கடுங்குளிர்த் திரவ எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சினில் அது நடக்கவில்லை. 1991-ல் சோவியத் ஒன்றியம் எஞ்சினோடு நுட்பமும் தர ஒப்புக்கொண்டது. 1992-ல் அமெரிக்கத் தடை வந்தது. 1993-ல் ரஷ்யா, எஞ்சின் அடுக்கு ஏழு தருகிறோம், நுட்பம் கிடையாது என்று சொல்லிவிட்டது.

நாமே செய்தோம். 2010 ஏப்ரல் 15, நம் ஜிஎஸ்எல்வி-டி3 ராக்கெட் கிளம்பியது. முதல் இரண்டு அடுக்கும் பிசகில்லை. 294-ஆம் விநாடியில் நம் கிரையோஜெனிக் எஞ்சின் பற்றிக்கொண்டது. மைனஸ் 253 டிகிரி திரவ ஹைட்ரஜனைத் தொட்டியிலிருந்து தள்ளிவிட ஒரு சிறிய பூஸ்டர் பம்ப் உண்டு. நிமிடத்துக்கு 34,800 சுற்றுவரை போனது. ஒரு விநாடிகூட ஆகவில்லை, வேகம் இறங்கியது. அடுத்த அரை விநாடி சொச்சத்தில் பம்ப் நின்றேபோனது! ஏவுதல் தோற்றது. பம்பின் சீல் இறுகி, சுழலும் ரோட்டார் பிடித்திருக்கலாம், அல்லது டர்பைன் உறை வெடித்திருக்கலாம் என்றது ஆய்வு. குளிரில் உலோகம் சுருங்கும்போது எந்த இடைவெளி எவ்வளவு மிஞ்சும்? இதை விலைக்கு வாங்கிய அடுக்கு சொல்லித் தராது. மகேந்திரகிரி சோதனை மையத்தில் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துத்தான் கற்றோம். 2014 ஜனவரி 5-ல் ஜிஎஸ்எல்வி-டி5 வென்றது. இடுப்புக் கந்தையை எறியாததால் வென்றது!

2023 ஜூனில், நிலவு ஆய்வில் நாடுகள் சேர்ந்து செயல்பட அமெரிக்கா முன்னின்று கொண்டுவந்த ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கையில் கையெழுத்திட்டோம், மகிழ்ச்சி. என் கோரிக்கை ஒன்றுதான். இனி எந்த நாட்டோடு கூட்டு வைத்தாலும், நம் பொறியாளர் எத்தனை பேர், எந்தச் சோதனை மேடையில், எத்தனை மாதம் என்பது ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதற்கான மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. போகும்போது கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள்.