வைரஸா, ஊசியா?

அனைவருக்கும் வணக்கம். நாள்பட்ட ஹெபடைடிஸ் சி (ஒரு வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி) உள்ள ஒருவருக்குச் சார்காய்டோசிஸும் வந்தால், பழியை வைரஸ் மீது போடத்தான் முதலில் தோன்றும். என் சந்தேகம் அந்த வைரஸுக்குப் போட்ட ஊசி மீது.

சார்காய்டோசிஸில் எதிர்ப்பு அணுக்கள் திரண்டு கிரானுலோமா என்ற சிறு முடிச்சுகளாகின்றன. காசநோயிலும் முடிச்சு உண்டு. அதன் நடுப்பகுதி செத்துக் குழைந்துபோகும், இதில் பொதுவாக அப்படி ஆவதில்லை. நுரையீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும்தான் அதிகம். கல்லீரலிலும் வரும். மூலகாரணம் இன்னும் பிடிபடவில்லை.

ஹெபடைடிஸ் சி வைரஸ் அடையாளம் காணப்பட்டது 1989இல். அதற்கு முதலில் வந்த மருந்து இன்டர்ஃபெரான் ஆல்ஃபா ஊசி. அப்புறம் ரிபாவிரின் மாத்திரையும் சேர்ந்தது. இந்தச் சிகிச்சையில் இருந்தவர்களில் சிலருக்குத்தான் சார்காய்டோசிஸ் தலைகாட்டியது. இன்டர்ஃபெரான் வைரஸ் பெருகுவதைத் தடுப்பதோடு நிற்பதில்லை, எதிர்ப்பு மண்டலத்தையும் முடுக்கிவிடுகிறது. குறிப்பாக டிஎச்1 வகை உதவி அணுக்களை. முடிச்சு கட்டுவதும் அதே அணுக்கள்தான்! ரிபாவிரினும் அதே திசையில்தான் தள்ளுகிறது.

இதில் ஒரு சிக்கல். இருமல், மூச்சுவாங்கல், அசதி எல்லாமே அந்த மருந்துகளின் பக்கவிளைவுப் பட்டியலில் ஏற்கெனவே உண்டு. "ஊசி போட்டால் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டால் நோய் தப்பிவிடும். மார்பு எக்ஸ்ரேயில் இரு பக்கமும் வீங்கிய நிணநீர்க் கணுக்கள், தோலில் புதுத் தடிப்புகள், பழைய தழும்பில் திடீர் வீக்கம், இவைதான் காட்டிக்கொடுப்பவை. பெரும்பாலோருக்கு ஊசியை நிறுத்தியதும் நோய் தணிந்தது. சிலருக்கு ஸ்டீராய்டு தேவைப்பட்டது.

சரி, வைரஸ் நிரபராதியா? அப்படியும் விட்டுவிட முடியாது. சிகிச்சையே எடுக்காத சிலருக்கும் வந்திருக்கிறது. 2013இன் இறுதியிலிருந்து வந்த, வைரஸையே நேராகத் தாக்கும் சோஃபோஸ்புவிர் போன்ற மாத்திரைகளுடனும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதிவாகியிருக்கிறது. ஆனாலும் இன்டர்ஃபெரானுக்கு எதிராக இருக்கும் சாட்சியத்தின் பலம் இந்தச் சாட்சியத்துக்கு இல்லை.

எதிர்த்திசையில் ஓர் ஆபத்து உண்டு, அதைப் பேசுபவர்கள் குறைவு. சார்காய்டோசிஸுக்கு எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் ஸ்டீராய்டோ இன்ஃப்ளிக்சிமாப்போ கொடுத்தால், உடலில் உறங்கிக் கிடக்கும் ஹெபடைடிஸ் பி என்ற வேறொரு கல்லீரல் வைரஸ் விழித்துக்கொள்ளலாம். கல்லீரல் செயலிழக்கும் அளவுக்கும் போகலாம். அதனால் மருந்தைத் தொடங்கும் முன்பே இரண்டு ரத்தப் பரிசோதனை: மேற்பரப்பு ஆன்டிஜென் (தொற்று இப்போது இருப்பதன் அடையாளம்), கோர் ஆன்டிபாடி (எப்போதாவது தொற்றியதன் அடையாளம்). முதலாவது பாசிட்டிவ் என்றால், நீண்டகால ஸ்டீராய்டுக்கு முன்பே அந்த வைரஸை அடக்கும் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் தொடங்குவது வழக்கம். இரண்டாவது மட்டும் பாசிட்டிவ் என்றால், தரப்போகும் மருந்தின் வீரியத்தைப் பார்த்துக் கல்லீரல் மருத்துவர் முடிவெடுப்பார்.